கால் கிலோ மொய்

கடன் வந்தால் மனுசன் கனத்துப்போவான், தலை குனிந்து நடப்பான், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டான் என்றுதான் ஊர் உலகத்தில் சொல்வார்கள். நெடுங்கரம்பையில் வைரக்கண்ணுவுக்கு வந்த கடன் அப்படிப்பட்டதில்லை, அது அவனை லேசாக்கிக்கொண்டே போனது, சித்திரையில் கடலைச் சாக்கு மாதிரி இருந்தவன் வைகாசியில் பஞ்சு மூட்டை ஆனான், ஆனியில் காய்ந்த சோளத்தட்டை ஆனான், ஆடி பிறக்கிறதுக்குள் அவன் பெண்சாதி பூங்கோதை அவனைக் கயிறு போட்டு அம்மிக்கல்லில் கட்டிவைக்க வேண்டியதாயிற்று.

முதலில் காட்டிக்கொடுத்தது கட்டில். கயிற்றுக் கட்டிலில் ஒரு ஆண்பிள்ளை படுத்தால் கயிறு முனகித் தொய்ய வேண்டும். வைரக்கண்ணு படுத்தால் அது வாயே திறக்கவில்லை. அடுத்துக் காட்டிக்கொடுத்தது வயல். நாற்றங்காலில் பூங்கோதையின் கால் முழங்கால்வரை புதைய, அவன் சேற்றின் மேல் கொக்கு நடக்கிற மாதிரி நடந்தான்.

"ஏங்க, ஒங்க கால்தடத்தையே காணோமே?"

"சேறு இறுகிக் கெடக்குடி."

"எனக்கு மட்டும் எளகிக் கெடக்காக்கும்."

அவன் வரப்பில் ஏறிப் பீடி பற்றவைத்தான், புகை மேலே போனது, புகையோடு அவனும் ஒரு சாண் மேலே போய் இறங்கினான். பூங்கோதை நாற்றுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, புருசனின் வேட்டி நுனியைத் தன் முந்தானையோடு சேர்த்து முடிந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப்போனாள். அங்கே நர்சம்மா அவனை எடை மிஷினில் ஏறச் சொன்னாள், முள் பத்தைத் தாண்டவில்லை, மிஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள், அப்புறமும் தாண்டவில்லை. ரத்தம் குறைவாக இருக்கும் என்று சொல்லி ஒரு பொட்டலம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். பூங்கோதை வீட்டுக்கு வந்து அந்த மாத்திரையை அவன் வாயில் போடவில்லை. இரும்பாச்சே, கொஞ்சமாவது பிடித்துவைக்கும் என்று துணியில் சுற்றி அவன் அரைஞாணில் கட்டிவிட்டாள்.

உண்மை ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வாசலுக்கு நடந்து வந்தது. வந்தவன் ஒடிசலான ஆள், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, தோளில் ஒரு ரெக்சின் பை, கையில் மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரிக் கொக்கித் தராசு. கால் பூட்ஸ் மட்டும் ஆளுக்குப் பொருந்தாத கனத்தில், வைக்கிற அடிக்கு வாசல் மண் குழிந்தது.

"அக்கா, பேரு இன்னாசி. பந்தயக் கம்பெனியில இருந்து வர்றேன். வாராவாரம் அண்ணன் ரோட்டுக்கே வந்து குடுத்துருவாக, இன்னிக்குக் காணோம். அண்ணன் இருக்காகளா? இந்த வாரத்துக்கு அஞ்சு கிலோ வரணும்."

"என்னத்துல அஞ்சு கிலோ? கடலையிலயா?"

"அண்ணன்லதான்க்கா."

புயலில் தென்னந்தோப்பு முழுக்கப் படுத்துப்போன வருசத்தில் வைரக்கண்ணு கையில் போன் வந்தது. போனுக்குள் கிரிக்கெட் வந்தது, கிரிக்கெட்டுக்குள் பந்தயக் கம்பெனி வந்தது, அடுத்த பந்து நாலா ஆறா, அதற்கடுத்த பந்து விக்கெட்டா வைடா என்று அவன் விரலால் தொட்டுத்தொட்டு விளையாடினான். முதலில் விழுந்த மரம் விற்ற காசு போனது, அப்புறம் இரண்டு ஆடு போனது, சந்தைக்குக் கொண்டுபோனேன் என்று பூங்கோதையிடம் சொன்னான். ஒரு நாள் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது கம்பெனி அவனுக்குச் செய்தி அனுப்பியது: பணம் இல்லாவிட்டால் பாதகமில்லை, உங்கள் எடையை வைத்து ஆடலாம், சம்மதமென்றால் இங்கே தொடவும். அவன் தொட்டான். உடம்புதானே, சாப்பிட்டால் ஏறிவிடும் என்று நினைத்தானாம். சாப்பிட்டதும் கம்பெனிக்குத்தான் ஏறியது.

இதையெல்லாம் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான். இன்னாசி பையின் வாயைத் திறந்து பிடித்தான், வைரக்கண்ணு பானைத் தண்ணீரில் கைவிடுகிற மாதிரி அதற்குள் கையை விட்டு எடுத்தான், பை தொய்ந்தது. இன்னாசி அதைக் கொக்கியில் மாட்டிப் பார்த்து, சரியாயிருக்குக்கா என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, தொம் தொம்மென்று நடந்து போனான். பூங்கோதை அழவில்லை, உட்கார்ந்து அழுகிற நேரத்தில் புருசன் ஓட்டுக்கு மேலே போய்விடுவான் என்பதால் கயிறு எடுக்கப் போனாள்.

ஊர் முதல் நாள் வந்து பார்த்தது, இரண்டாம் நாள் பேசியது, மூன்றாம் நாள் வேலை சொன்னது.

"பூங்கோதை, ஒன் வீட்டுக்காரவுகளைக் கொஞ்சம் அனுப்பேன். பப்பாளி உச்சியில பழுத்துக் கெடக்கு, காக்கா கொத்துது."

"கூட்டிட்டுப் போங்கக்கா. திருப்பிக் கொண்டாந்து கட்டிட்டுப் போங்க."

அப்படியே ஆளாளுக்கு வந்து அம்மியிலிருந்து அவிழ்த்து, பட்டம் கொண்டுபோகிற மாதிரிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தப்பித்த தென்னைகளில் தேங்காய் தள்ளினான், மாரியம்மன் கோயில் கோபுரத்தில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கினான், கேபிள் ஒயர் கட்டினான், கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியை இறங்காமலே இறங்கி எடுத்தான். கூலிக்குப் பதில் பூசணிக்காய் கொடுத்தார்கள். பூங்கோதை அதையும் வாங்கி அவன் மடியில் வைத்துக் கட்டினாள். கயிற்றைப் பிடித்து நடந்தவர்கள் அவனோடு கொஞ்சம் பேசிக்கொண்டும் நடந்தார்கள், ஒருத்தரும் ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை, கேட்க வேண்டியதுதான் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேலே மிதக்கிறதே.

ஆனால் ஆனி கடைசியில் அவனுடைய சொந்த எடை அத்தனையும் தீர்ந்தது, கடன் தீரவில்லை. இன்னாசி தராசை மடக்கிக்கொண்டே, தொண்டையைச் செருமிக்கொண்டே சொன்னான்:

"இன்னும் அம்பது கிலோ பாக்கி இருக்குக்கா. இனிமே எடுக்கறது பூஜ்ஜியத்துக்குக் கீழ. அண்ணன் மேல இழுப்பாக. கயிறை நல்லாப் பாத்துக்கங்க."

அடுத்த வாரம் அவன் வந்து எடுத்துப் போன பிறகு, பூங்கோதை அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கும்போது, அம்மி அவள் கைக்குக் கீழே மெல்ல அசைந்து, ஒரு விரக்கடை உயர்ந்து, மறுபடி உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கயிற்றின் மேல் நுனியில் வைரக்கண்ணு முருங்கை மரத்துக்கு மேலே நின்றுகொண்டு அவளைப் பார்த்தான். தெற்கே புழுதி கிளம்பியிருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த அம்மியோடு தன் புருசனும் பறப்பான் என்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. அரைத்த மிளகாயை வழித்து வைத்துவிட்டு, கையைக் கழுவாமல், உத்திராபதியின் டீக்கடைக்குப் போனாள்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தனுக்கு முடை என்றால் அவன் கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே ஒரு கறி விருந்து போடுவான், பத்திரிகையில் மொய் விருந்து என்று மட்டும் அடித்திருக்கும், ஊர் வந்து சாப்பிட்டு மொய் எழுதும், எழுதினதை அவன் காலாகாலத்தில் அவரவர் விருந்தில் மேலே கொஞ்சம் போட்டுத் திருப்பி எழுத வேண்டும். விருந்து போடுகிற காலமே ஆடியும் ஆவணியும்தான். இதைத்தான் பூங்கோதை டீக்கடை வாசலில் நின்று கேட்டாள்: நாங்கள் ஒரு மொய் விருந்து போடுகிறோம், எல்லாரும் எடையில் எழுத வேண்டும்.

அரவை மில்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "சூதாடுன கடனுக்கு மொய் விருந்தா? நல்ல கதையா இருக்கே."

"மொய்க்குக் காரணம் கேக்கற பழக்கம் எப்பருந்துண்ணே?" என்றான் உத்திராபதி, டீயை ஆற்றிக்கொண்டே. "நீங்க போன வருசம் விருந்து போட்டு வாங்குன காசுல என்ன செஞ்சியன்னு யாராச்சும் கேட்டமா?"

மில்காரர் டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். இன்னொருத்தர் வேறு மாதிரிக் கேட்டார்: "அதெல்லாம் சரி ஆத்தா, ஒன் புருசன் எங்களுக்கு எழுதுனது ரூவா. நீ கேக்கறது கிலோ. எந்தக் கணக்குல திருப்பறது?"

அங்கே ஒரு பெரிய பேச்சு நடந்தது. கடலைப்பருப்பு விலைக்குப் போடலாம் என்றார்கள், மனுசன் என்ன கடலையா என்றார்கள், தங்க விலைக்குப் போடலாம் என்று ஒருத்தர் சொல்ல, அப்படிப் போட்டால் ஆளுக்கு ஒரு நகம்தான் வரும் என்று சிரித்தார்கள், சிமெண்டு விலையா, கொப்பரை விலையா என்று டீ இரண்டு சுற்றுப் போனது.

"ஆட்டுக்கறி வெலைக்கே போடுங்க," என்றாள் பூங்கோதை. "இலையில அதைத்தானே வைக்கப்போறேன்."

கறி விலை எல்லாருக்கும் தெரியும், நியாயமாகவும் இருந்தது.

ஆடி இரண்டாம் வெள்ளி கழித்து வந்த திங்கட்கிழமை கோயில் திடலில் பந்தல் போட்டார்கள். கடலை மண்டியிலிருந்து மேடைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து பந்தல் கால் ஓரம் வைத்தார்கள், அதன் ஒரு பக்கத்தில் வைரக்கண்ணுவை ஒரு மரநாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியை நாலு முளைக்குச்சியில் கட்டினார்கள். உத்திராபதி மைக்கைப் பிடித்துக்கொண்டான். கையைப் பிடித்து இத்தனை என்று வாயால் சொன்னால் ஏறிவிடும் என்று இன்னாசி முன்னமே சொல்லிக்கொடுத்திருந்தான். ஊர் சாப்பிட்டுக் கைகழுவி, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்றது.

"கீழத்தெரு பக்கிரிசாமி ஒரு கிலோ. மேலத்தெரு அஞ்சலை முக்கால் கிலோ. சன்னாசித் தேவர் மகன் செல்வராசு ஒண்ணரைக் கிலோ, அவுக மாமியா வீட்டு வகையில அரைக் கிலோ," என்று ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல, தராசில் நிற்கிறவர்களின் முள் குறைந்தது, கட்டின நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து மண்ணில் அழுந்தியது. கொடுத்தவர்கள் தராசை விட்டு இறங்கும்போது இறங்குகிற கால் கொஞ்சம் தாமதமாகத் தரையைத் தொட்டது, அதில் அவர்களுக்கே ஒரு சிரிப்பு வந்தது. அஞ்சலை, வலது முழங்கால் வலியோடு வந்தவள், போகும்போது பந்தலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, இன்னும் ஒரு அரைக் கிலோ எழுதிக்க என்றாள்.

மில்காரர் தொந்தியைத் தடவிக்கொண்டு தராசில் ஏறினார். "எழுது. அரவை மில் சார்பா இருவது கிலோ."

கூட்டம் ஆகாவென்றது. பூங்கோதை குழம்பு வாளியோடு நின்றவள் கேட்டாள்: "அண்ணே, இதைத் திருப்பி எப்ப கேப்பிய?"

"கேக்கவே மாட்டேன் தங்கச்சி. நீங்களே வச்சுக்கங்க. டாக்டரு கொறைக்கச் சொல்லியிருக்காரு."

"அப்ப வேணாம்ண்ணே."

"ஏன் வேணாம்?"

"திருப்பிக் கேக்காம குடுத்தா அது மொய்யா, குப்பை கொட்டறதாண்ணே? கேக்கற மாதிரி எழுதுங்க. நாங்க கொண்டாந்து தர்ற மாதிரி எழுதுங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது, பின்னால் நின்றவர்கள் வேறு சிரித்துவிட்டார்கள், ஆனாலும் இறங்கிப் போகவில்லை, "மூணு கிலோ எழுது. எம்பேத்தி சடங்குக்குத் திருப்பி வந்துரணும், தேதி சொல்லிப்புட்டேன்," என்றார். எழுதினார்கள். அன்று மொத்தத்தில் அதுதான் பெரிய மொய்.

வைரக்கண்ணுவின் உடன்பிறந்த அண்ணன் நாடிமுத்து, வரப்புத் தகராறில் எட்டு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர், வந்தார். மகள் கல்யாணத்துக்குத் தம்பி எழுதின மொய் அவர் வீட்டில் கிடந்தது, பேச்சு இல்லை என்பதற்காக மொய் இல்லை என்று ஆகாது. முகத்தை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டே தம்பியின் கையைப் பிடித்தார், ரெண்டு கிலோ என்றார், சொன்ன பிறகும் கையை விட மறந்து கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் உதறிவிட்டுப் போனார். வைரக்கண்ணு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, அதிலேயே கண்ணாக இருந்தான்.

இத்தனை பேருக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற நினைப்பு பூங்கோதைக்குப் பயமாக வரவில்லை. இனி நூறு நூற்றைம்பது கல்யாணம் காதுகுத்துக்கு நாம் போயே தீரவேண்டும், நம்மைத் தேடுவார்கள், வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கு ஆள் வரும் என்று நினைத்துக்கொண்டாள், நினைக்க நினைக்க நெஞ்சு குளிர்ந்தது.

வாரக் கெடு திங்கட்கிழமை என்பதால் இன்னாசியும் பையோடு வந்துசேர்ந்தான். பந்தலைப் பார்த்து ஓரமாக நின்றவனை, வெயிலில் ஏன் நிற்கிறாய் தம்பி, உட்கார் என்று யாரோ தோளைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். இலை விழுந்தது, சோறு விழுந்தது, எலும்புக் குழம்பு விழுந்தது. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். பூங்கோதை இரண்டாம் தடவை கறி வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள்: வலது கை சாப்பிடுகிறது, இடது கை மேசைக் காலை இறுக்கிப் பிடித்திருக்கிறது, பூட்ஸின் பிளந்த ஓரத்தில் உள்ளே அடுக்கின இரும்புத் தகடு தெரிகிறது. மேசைக் காலை அப்படிப் பிடிப்பதை அவள் இத்தனை நாளாக வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"தம்பி, நீயும் ஆடுனியா?"

அவன் வாயிலிருந்ததை முழுங்கினான். "ஆடித்தான்க்கா வசூலுக்கு வந்தேன். கட்ட முடியாதவங்களைத்தான் வசூலுக்கு வச்சுக்குவாங்க."

"வீட்ல யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்ல. மணப்பாறைப் பக்கம் ஒரு சித்தி இருந்தாக."

அவள் இன்னும் ஒரு கரண்டி கறி வைத்தாள். கைகழுவிவிட்டுப் பையை எடுக்க வந்தவனை உத்திராபதி மைக்கிலேயே கூப்பிட்டான்: "பூட்ஸ் போட்ட தம்பி, வரிசைக்கு வா. பேரு ஊரு சொல்லு."

"அண்ணே, நான் வசூலுக்கு வந்தவன்."

"இலையில உக்காந்தியா இல்லியா?"

"உக்காந்தேன்."

"அப்ப மொய் எழுதணும். நீ எழுதாமப் போனா சாப்பாடு செமிக்காது, எங்களுக்கும் மரியாதை இல்ல."

இது நெடுங்கரம்பைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கடன் வசூலிக்க வந்தவனிடம் போய், கடன்பட்டவனுக்கு மொய் எழுது என்று மைக்கில் கேட்டார்கள், கேட்டது தப்பு என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்னாசி சிவந்துபோய் நின்றான். அப்புறம் குனிந்து பூட்ஸைக் கழற்றினான், தகடு அத்தனையும் அதிலேயே இருக்க, வெறுங்காலோடு தராசுப் பலகையின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறினான். முள் மயிரிழை நகர்ந்து நின்றது. வைரக்கண்ணுவின் கையைப் பிடித்தான்.

"இன்னாசி," என்றான் மெதுவாக, "கால் கிலோ."

"இன்னாசி கால் கிலோ," என்று ஒலிபெருக்கி சொன்னது, மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில்.

மொய் வந்து முடிந்தபோது வைரக்கண்ணு கட்டு அவிழ்த்து எழுந்து நின்றான். கை ஊன்றின வேகத்தில் நாற்காலி முறிந்தது, அவ்வளவு எடை. இரண்டு வாரமாக எடுத்தது போகக் கம்பெனிக்கு மிச்சமிருந்த நாற்பது கிலோவை ஊர் பார்க்கப் பைக்குள் கைவிட்டுக் கொடுத்தான், இன்னாசி கொக்கியில் மாட்டிப் பார்த்துத் தலையாட்டினான், கடன் முடிந்தது. கொடுத்தது போக அவனிடம் மிச்சம் இருந்தது, வைரக்கண்ணு திடலில் நடந்தான், மண்ணில் ஐந்து விரலும் குதிகாலுமாகத் தடம் விழுந்தது, பூங்கோதை அந்தத் தடத்தில் தன் காலை வைத்து வைத்துப் பின்னாலேயே போனாள்.

அப்போது காற்று வந்தது. பந்தல் துணி படபடத்தது, இலைகள் எழுந்து ஓடின, கொஞ்சம் கொஞ்சம் எடை கொடுத்திருந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்னாசி மட்டும் அசையவில்லை, தோளில் நாற்பது கிலோ பை இருந்தது. வர்றேன்க்கா என்று சொல்லி ஊர் எல்லைப் பக்கம் திரும்பினான். பூங்கோதை நின்றுவிட்டாள்.

"ஏங்க, இவன் இதைக் கொண்டுபோய்க் கம்பெனியில எறக்கி வச்சுருவானே. எறக்கி வச்சுட்டு எப்படி நிப்பான்?"

"பூட்ஸு இருக்குல்ல."

"அது நேத்து வரைக்கும் போதும். இன்னைக்கு நமக்குக் கால் கிலோ குடுத்துட்டானே."

வைரக்கண்ணு மோட்டார் பைக்கை எடுத்தான். இன்னாசியை நடுவில் உட்காரவைத்து, பூங்கோதை பின்னால் ஏறி, அம்மியைக் கட்டின அதே கயிற்றால் அவன் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். டவுன் போய்ச்சேர வெயில் சாய்ந்துவிட்டது. கம்பெனிக் கட்டடம் நாலு மாடி, ஊர் ஊராக வாங்கி அடுக்கின எடையில் கீழ்மாடி முக்கால்வாசி பூமிக்குள் இறங்கியிருந்தது, ஜன்னல் வழியாகக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அங்கே ஆள் யாரும் இல்லை, சுவரில் ஒரு இரும்புக் கதவும் ஒரு ஒலிபெருக்கியும் இருந்தன. பையை உள்ளே தள்ளினார்கள், காலிப்பை வெளியே வந்தது.

"வைரக்கண்ணு கணக்கு முடிந்தது," என்றது ஒலிபெருக்கி. "இன்னாசி, உன் கணக்கில் இன்னும் பாக்கி உள்ளது. இந்த வாரத்துக்கு உள்ளதை இப்போதே எடுத்துக்கொள்கிறோம்."

இன்னாசி பூட்ஸோடு மேலே எழும்பினான். கயிறு விறைத்தது, பூங்கோதையின் குதிகால் தரையை விட்டது, வைரக்கண்ணு அவள் கையை எட்டிப் பிடித்தான். அவனிடம் ஊர் கொடுத்த எடை இருந்தது, அவன் அசையவில்லை. ஜன்னல் வழியாக மூன்று பேரும் தெருவுக்கு வந்தார்கள், வெளியே ஆடிக் காற்று தயாராகக் காத்திருந்தது.

"அண்ணே, கயிறை அவுத்துருங்க," என்றான் இன்னாசி, மேலேயிருந்து. "ஒங்க வேலை முடிஞ்சுருச்சு. எனக்கு யாரும் இல்ல. காத்து எங்க கொண்டுபோகுதோ போறேன்."

வைரக்கண்ணு அண்ணாந்து பார்த்தான். கழுத்து வலிக்கிற அளவுக்குப் பார்த்தான். இத்தனை நாளும் தானும் அந்த உயரத்திலிருந்துதான் மனுசர்களின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதெப்புடி போவ?" என்றான். "ஒன்னோட கால் கிலோ எங்கிட்ட இருக்கு. கடன் வாங்குனவன் ஓடிப்போறதைக் கேள்விப்பட்டுருக்கேன். குடுத்தவன் ஓடிப்போனா நான் யார்ட்ட போய்த் திருப்பிக் குடுக்கறது? எறங்குடா."

"கால் கிலோதானேண்ணே."

"கால் கிலோன்னா கடன் இல்லியா? அடுத்த ஆடிக்கு ஒம்பேர்ல விருந்து. ஊரு வந்து எழுதும். மொதல்ல நான் எழுதுவேன்."

இன்னாசி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக, கிணற்றில் இறங்குகிற மாதிரி, தானே கீழே இறங்கி வந்தான். பூங்கோதை அவன் பூட்ஸைப் பிடித்து இழுத்து வண்டியில் உட்காரவைத்தாள். வழியெல்லாம் காற்று பக்கவாட்டில் அடித்தது, புளியமரம் சாய்ந்தது, ஒரு தகரக் கூரை தலைக்கு மேலே பறந்து போனது, வைரக்கண்ணு ஓட்டின வண்டி மட்டும் ரோட்டில் ஆணி அடித்தது மாதிரிப் போனது. பூங்கோதை இன்னாசியின் முதுகில் கன்னத்தை வைத்துக் காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, பக்கிரிசாமி, அஞ்சலை, செல்வராசு, அவன் மாமியா வீடு, மில்காரர், எட்டு வருசம் பேசாத மச்சாண்டார் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஊர் எல்லையில் இன்னாசி திரும்பிக் கேட்டான்: "அக்கா, நான் போகலைன்னா கம்பெனி சும்மா இருக்காது. என்கிட்ட வசூலிக்கறதுக்கு இன்னொருத்தனை அனுப்புவாங்களே."

"அவனும் ஆடித் தோத்தவனாத்தானே இருப்பான்?"

"ஆமாக்கா. எல்லாரும் அப்படித்தான்."

"வரட்டும்," என்றாள் பூங்கோதை. "அவனுக்கும் ஒரு இலை போடுவோம்."